குரலும் வேணும், காதும் வேணும்



நான் எங்க குழு ஊக்குநர். என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். எங்கள் பிரதிநிதி அக்கா கூட்டத்தில் நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

வங்கியில் கடன் கேட்டபோது, "அடுத்த மாசம் வாங்கம்மா" என்று மூன்று முறை அனுப்பிவிட்டார்கள். நான்காவது முறை தீர்மானப் புத்தகத்தை மேசையில் வைத்து, "என்ன குறைன்னு எழுதிக் குடுங்க சார்" என்றேன். அந்த மாதமே கடன் வந்தது.

அதே குரலைத் தவணை தவறிய ஓர் உறுப்பினரிடம், எல்லோர் முன்னாலும் காட்டினேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அக்காதான் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாக ஒப்பந்த வேலை இல்லையாம். தவணையைக் குறைத்துத் தீர்மானம் போட்டோம். கடனும் அடைந்தது, ஆளும் திரும்பி வந்தார்.

மதுரைக் களஞ்சியம் சின்னப்பிள்ளை அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். கூலி வேலை செய்யும் பெண்களுக்காக நிலக்காரர்களிடம் நேருக்கு நேர் பேசியவர். 2001-ல் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார்; 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் குரல் உயர்ந்தது கூட இருந்தவர்களுக்காக; அவர்கள் மேல் இல்லை. எனக்கு அது லேட்டாகத்தான் புரிந்தது.

எல்லோர் முன்னாலும் பேசிய பேச்சுக்கு, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இனி எங்க குழுவில் தவணை தவறினால் முதலில் வீட்டுக்குப் போய்க் கேட்போம். அப்புறம்தான் கூட்டத்தில் பேச்சு.