மருந்து முதலில், நிலை பிறகு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் பிளாக்குகளில் பல வீடுகளில் கதவு நிலை மாற்றும் வேலை நடக்கிறது. புது நிலையையும் கரையான் தின்னாமல் இருக்க வேண்டுமே, அதற்காகச் சில வார்த்தைகள்.

நம் வீடுகளுக்கு வரும் கரையான் பெரும்பாலும் மண்ணிலிருந்து வருவது. அதற்கு ஈரம் வேண்டும். வெளிச்சமும் வறண்ட காற்றும் ஆகாது. அதனால்தான் சுவரில் மண் கூடு கட்டிக்கொண்டு ஏறுகிறது. மரத்தின் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும். நிலை பார்க்கப் பளபளவென்று இருக்கும். தட்டினால் பொள்ளென்று ஓசை வரும்.

பெயின்ட்டும் வார்னிஷும் கரையான் மருந்து அல்ல. அவற்றை நாம் பார்க்கும் பக்கத்தில்தான் பூசுகிறோம். கரையானோ சுவரை ஒட்டிய பின்பக்கத்திலும், தரையில் நிற்கும் அடிமுனையிலும் நுழைகிறது. ஆகவே நிலையைப் பொருத்தும் முன்பே மர மருந்தை எல்லாப் பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள். முதல் கோட் காய்ந்தபின் இரண்டாவது கோட். அடிமுனையை மருந்தில் ஊறவைத்தால் இன்னும் நல்லது. பிரஷ்ஷால் அடித்த மருந்து ஆழமாக இறங்காது. எனவே பிறகு அறுத்தாலோ துளை போட்டாலோ அந்த இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும்.

எந்த மருந்து? 1933-ல் காமேசன் என்ற நம் நாட்டு விஞ்ஞானி செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் மரக் கம்பங்களைக் காத்தது அது. ஆர்செனிக் நஞ்சு என்பதால் வீட்டுக்குள் வேண்டாம். உள்ளே போராக்ஸ், போரிக் அமிலக் கலவை போதும். அது தண்ணீரில் கரைந்துவிடும்; எனவே குளியலறை நிலைக்கு அதன்மேல் பெயின்ட் அவசியம்.

"எங்களுடையது தேக்கு" என்பார்கள். தேக்கிலும் வைரம் பாய்ந்த பகுதிதான் தாங்கும். ஓரத்து வெளிர்நிறப் பகுதி தாங்காது. பிளைவுட்டில் "வாட்டர்புரூஃப்" என்றால் பசை தண்ணீருக்குத் தாங்கும் என்று பொருள். கரையான் மருந்து ஏற்றியதா என்று தனியாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்தால் கரையான் பக்கத்து வீட்டு வழியாக வரும். தரைத்தளம் முழுவதும், சுவரும் தரையும் சேரும் இடத்தில், அடிக்கு ஒரு துளையிட்டு மருந்து விட வேண்டும். குழாய்க் கசிவுகளையும் அடைக்க வேண்டும். பைப் போகும் டக்ட் வழியாக மேல்மாடிக்கும் கரையான் ஏறும். ஆகவே செலவை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்ளத் தீர்மானம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வங்கியில் கணக்கெழுதியவன் சொல்கிறேன்: எல்லோரும் சேர்ந்து மருந்துக்குச் செலவழிப்பது, வீட்டுக்கு வீடு நிலை மாற்றுவதைவிட லாபம்.