நாளைய போர்க் கதைகளும் நம் வாசகர்களும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நம் வட்டம் படித்த நூல்களுள் ஒன்றைப் பற்றி இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். ஆயுள் முழுவதும் தமிழாசிரியனாக இருந்தவன் சங்க நூல் ஒன்றையே எடுத்துக்கொள்வான் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். சங்க நூலுக்கும் வருவேன். ஆனால் பத்து ஆண்டுகளில் நம் கூட்டத்தை இரண்டாகப் பிளந்த நூல் ஒன்று உண்டு. அதன்பொருட்டு நம்மில் ஒருவர் பாதியில் எழுந்து வெளியேறினார். பல மாதங்கள் அவர் இருக்கை வெறுமையாகக் கிடந்தது. அன்று கூட்டத்தை நடத்தியவன் நான். ஆகையால் அந்த நூலைப் பற்றிப் பேசுவதே இந்த நாளில் என் கடன்.

அந்த நூல் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் டிரேக்கின் ‘ஹேமர்ஸ் ஸ்லாமர்ஸ்’ என்னும் அறிவியல் போர்க் கதைத் தொகுப்பு. 1979இல் நூலாக வந்தது. அதன் முதற்கதைகள் 1974இல் ‘கேலக்ஸி’ என்ற இதழில் வெளிவந்தவை. டிரேக் சட்டக் கல்லூரி மாணவராக இருந்தபோது கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்டவர். 1970இல் கவசப்படைப் பிரிவு ஒன்றோடு வியட்நாமிலும் கம்போடியாவிலும் இருந்தவர். திரும்பி வந்து, தாம் கண்டதை வருங்காலத்தின் மேல் ஏற்றி எழுதினார். 2023 டிசம்பரில் மறைந்தார்.

கதைக்களம் விண்மீன்களுக்கு இடையே பரவிய மனித உலகங்கள். ஹேமர் என்னும் தளபதியின் கீழ் ஒரு கூலிப்படை. காற்று மெத்தையின் மேல் மிதந்து செல்லும் மாபெரும் டாங்கிகள் அவர்களுடையவை. எந்த உலகம் பணம் தருகிறதோ அந்த உலகத்துக்காக அவர்கள் போரிடுவர். முடிந்ததும் அடுத்த உலகம். ஒரு கதையில் புதிதாகச் சேர்ந்த இளைஞன் முதல் நாளே சண்டையில் சிக்கிக்கொள்கிறான். இன்னொன்றில் மறைந்துபோன வேற்றினம் விட்டுச் சென்ற, மீண்டும் கட்டவே முடியாத பழஞ்சின்னங்கள் போரில் அழிகின்றன. ஆசிரியர் எங்கும் ‘ஐயோ’ என்று சொல்வதில்லை. ‘ஆகா’ என்றும் சொல்வதில்லை. நடந்ததைச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்.

ஆங்கிலம் நன்கறிந்த நம் உறுப்பினர் ஒருவர் மூன்று கூட்டங்களில் அக்கதைகளைத் தமிழில் எடுத்துரைத்தார். நான்காம் கூட்டம் கருத்துரைக்காக ஒதுக்கப்பட்டது. அறிவியற் கதை நமக்குப் புதிதன்று. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்த சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வின் ‘ஜீனோ’ என்ற இயந்திர நாயைத் தமிழர் வீடுகளில் செல்லப்பிள்ளையாக வளர்த்துவிட்டுப் போனார். ஆயினும் படையும் பீரங்கியும் நிறைந்த அறிவியற் கதைத் தொகுப்பு நம் வட்டத்தினருக்கு அதுவே முதல்.

முதலில் எழுந்தவர் இளங்கவிஞர் ஒருவர். இது வன்முறையைச் சுவைக்கும் எழுத்து என்றார். கொலையைக் கண்டும் நடுங்காத நடையே அதற்குச் சான்று. 2009இல் முள்ளிவாய்க்காலைக் கேட்டும் பார்த்தும் அழுத தமிழன், குண்டுமழையை எப்படிக் கற்பனையாகப் படிப்பான் என்று கேட்டார். அவையில் பலர் தலையசைத்தனர்.

அடுத்து எழுந்தவர் படையிலிருந்து ஓய்வு பெற்ற நம் அன்பர். டாங்கி ஓட்டியவர். அவர் குரல் உயரவில்லை. “நான் படித்த போர்க் கதைகளில் இது ஒன்றில்தான் புழுதி இருக்கிறது, தாகம் இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது. டாங்கிக்குள் இருப்பவனுக்கு உலகம் ஒரு சாண் கண்ணாடி அளவுதான் தெரியும். அதைத்தான் இந்த ஆள் எழுதியிருக்கிறார். நடுங்க நேரமில்லாதவன் நடுங்கவில்லை என்று குற்றம் சொல்லாதீர்கள்” என்றார்.

அப்போது கூட்டத்தின் பின்புறத்திலிருந்து ஒரு குரல், “ஐயாவும் சம்பளத்துக்குப் போரிட்டவர்தானே, கூலிப்படையை விட்டுக்கொடுப்பாரா?” என்றது. சிலர் சிரித்தனர். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். நான் ‘அமைதி, அமைதி’ என்று மேசையைத் தட்டினேனே தவிர, அந்தச் சொல் தவறு என்று சொல்லவில்லை. கூட்டம் சூடாக இருக்கிறது என்று உள்ளூர மகிழ்ந்தேனோ என்னவோ. அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமே மிஞ்சுகிறது.

அவர் சென்ற பிறகு மூன்றாவது கருத்தைச் சொன்னவர் கல்வராயன் மலையில் பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடி ஆசிரியர். அவர் கேட்டது மிக எளிய கேள்வி. “இந்தப் படை இறங்கும் உலகங்களில் முன்பே குடியிருந்தவர்கள் எங்கே? அவர்களுடைய வீடு, காடு, பேச்சு எதுவும் கதையில் ஏன் இல்லை?” இக்கதைகள் அமெரிக்காவில் அச்சேறிய 1974இல் அவருடைய மலையில் ஜாகீர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 1976இல்தான் அது ஒழிந்தது. தம் மண்ணின் மேல் பிறர் உரிமை கொண்டாடும் கதையை அவர் வீட்டுப் பெரியவர்கள் வாழ்ந்தே அறிந்தவர்கள். விண்வெளியில் நடக்கும் கதையை அவர் வெள்ளிமலையில் நின்று படித்தார். அதைவிடக் கூர்மையான திறனாய்வை நான் எந்த நூலிலும் காணவில்லை.

நான்காவது, நம் பெண் கவிஞர் ஒருவருடையது. சண்டை முடிந்ததும் கதை முடிந்துவிடுகிறது, வீடு திரும்பியவனின் கதை வேண்டும் என்றார். அவர் கேட்டதை எழுதியவர் ஒருவர் இருக்கிறார். வியட்நாமில் காயமுற்றுத் திரும்பிய ஜோ ஹால்டேமன் 1974இல் ‘தி ஃபாரெவர் வார்’ என்ற புதினத்தை வெளியிட்டார். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்யும் படைவீரனுக்குச் சில ஆண்டுகளே கழிகின்றன. பூமியிலோ நூற்றாண்டுகள் ஓடிவிடுகின்றன. அவன் திரும்பும்போது விட்டுச் சென்ற ஊரும் இல்லை, உறவும் இல்லை. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, போருக்குப் போனவன் முழுதாகத் திரும்புவதே இல்லை என்ற உண்மையை அவர் சொல்லிவிட்டார். அதற்கு முன் 1959இல் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ எழுதிய ஹைன்லைன் கடற்படை அதிகாரியாக இருந்தவர், நோயால் 1934இல் விலக நேர்ந்தவர், போர்க்களம் காணாதவர். அவர் நூலில் படைக் கடமை உயர்ந்த அறமாக ஒளிர்கிறது. களம் கண்ட இருவரிடமும் அந்த ஒளி இல்லை.

அன்பர்களே, ஒரே பக்கங்களைப் படித்து ஒருவர் புகழ்ச்சி என்றும் ஒருவர் உண்மை என்றும் எப்படிச் சொல்ல முடிந்தது? அந்த ஐயத்தோடு நான் என் பழைய நூல்களுக்குத் திரும்பினேன். இந்த வழக்கு அமெரிக்காவில் தோன்றியதன்று, நம்மிடமே நெடுங்காலமாக நடந்து வருவது என்று கண்டேன்.

ஔவை தொண்டைமானிடம் தூது சென்ற புறப்பாட்டை எண்ணிப் பாருங்கள். அவன் தன் படைக்கலச் சாலையைப் பெருமிதத்தோடு காட்டுகிறான். ஔவையோ, இங்குள்ளவை நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். தொண்டைமான் அதைப் பாராட்டு என்று கேட்டானா, எள்ளல் என்று கேட்டானா? பாட்டு இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனுக்கே பரணி என்பது இலக்கணம். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைத்து உண்கின்றன. முதற்குலோத்துங்கனின் அவை அதைக் கேட்டுக் களித்திருக்கும். இன்று நாம் அதைப் படிக்கையில் வயிறு புரட்டுகிறது. நூல் மாறவில்லை. கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதே மாறியது.

இனி அந்தக் கூலி என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் மாவட்டத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி யார்? சேரனுக்காகக் கொல்லிமலை ஓரியை வென்று கொடுத்தவன். மூவேந்தருள் எவர் வேண்டுமானாலும் ‘எனக்குத் துணையாக வா’ என்று பொருள் அனுப்பி அழைத்த படைத்தலைவன். கபிலரே இதை மறைக்கவில்லை. அப்படி வந்த செல்வம் முழுவதும் அவனை நாடி வந்த இரவலர்க்கே போயிற்று என்று சேர்த்துச் சொல்கிறார். பொருள் பெற்றுப் போரிட்டவனை நாம் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் போற்றுகிறோம். எல்லையில் நின்று மாதச் சம்பளம் வாங்கி அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பியவரைக் கூலி என்று சொன்னோம். அந்தச் சொல்லைத் தடுக்காத குற்றம் என்னுடையது. அந்த அன்பர் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, இந்த அவை அறிய உங்களிடம் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அவர் ஒருநாள் தாமாகவே திரும்பி வந்தார். அன்று அவரும் மலை ஆசிரியரும் அருகருகே அமர்ந்தார்கள். பேசிக்கொண்டிருக்கையில் அவர், “சார், நீங்கள் கேட்டது சரிதான். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் குடிசை தெரியும், குடிசைக்குள் இருப்பவர் தெரியமாட்டார்” என்றார். இருவரும் எதிரெதிராகச் சொன்னதாக நாங்கள் எண்ணியது ஒரே கருத்து என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருவர் டாங்கிக்கு உள்ளிருந்து சொன்னார். மற்றவர் வெளியிலிருந்து சொன்னார்.

டிரேக்கின் தொகுப்பைப் பற்றி என் முடிவும் அதுதான். உள்ளிருப்பவனின் பார்வையை அவரளவு நேர்மையாக எழுதியவர் சிலரே. அதனால் அந்நூலைப் போரின் துதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே நிற்பவரின் முகம் அதில் மிகக் குறைவு. இது நூலின் குறை மட்டுமன்று. வரப்போகும் போரின் குறையும் ஆகும். எச்.ஜி. வெல்ஸ் 1903இல் ஒரு கதையில் நிலத்தில் ஊர்ந்து வரும் இரும்புக் கோட்டைகளைக் கற்பனை செய்தார். 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் டாங்கிகள் உண்மையாகவே ஊர்ந்து வந்தன. 2022 முதல் உக்ரைனில் ட்ரோன்கள் ஆட்களைத் தேடித் தேடிக் கொல்கின்றன. 2025 மே மாதம் நம் எல்லையின் இருபுறமும் அவை பறந்தன. கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் இடையிலுள்ள தொலைவு நீண்டுகொண்டே போகிறது. ஒரு சாண் கண்ணாடியும் இப்போது உள்ளங்கை அளவுத் திரையாகிவிட்டது.

இந்த இடத்தில் கவிஞனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். விடை நம் மலையமான் குடியின் வரலாற்றிலேயே இருக்கிறது. பகைமை காரணமாக மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் முற்பட்டான். யானைதான் அக்காலத்து டாங்கி. புலவர் கோவூர் கிழார் அங்கே வந்து நின்றார். அவரிடம் படையில்லை. யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, புதிய இடத்தை மருண்டு பார்க்கும் அந்தச் சிறுவரின் முகத்தை அவர் அரசனுக்குக் காட்டினார். இதைக் கேட்டபின் நீ விரும்பியதைச் செய் என்றார். பிள்ளைகள் உய்ந்தனர்.

அரசனுக்குக் கண் இல்லாமலா இருந்தது? அந்தப் பிள்ளைகள் அவன் எதிரிலேயே நின்றார்கள். ஆயினும் அவன் கண்டது பகைவனின் வழித்தோன்றல்களை மட்டுமே. அழுகையை மறந்த குழந்தையைப் புலவர் காட்டிய பிறகே கண்டான். எதிரில் நின்ற முகத்தைக் காட்டவே ஒரு கவிஞர் தேவைப்பட்டார் என்றால், ஆயிரம் கல் தொலைவில் ஒரு திரையில் புள்ளியாகத் தெரியும் முகத்தைக் காட்ட எத்தனை கவிஞர் தேவைப்படுவர்?

ஆகவே இளங்கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். போரையும் நாளைய கருவிகளையும் பற்றி நீங்களும் எழுதுங்கள். அறிவியல் நமக்கு அயலானது என்று ஒதுங்க வேண்டா. எழுதும் முன் நம் டாங்கிக்காரரிடம் ஒரு மாலை அமர்ந்து கேளுங்கள்; பிறகு பேருந்தேறி வெள்ளிமலைக்குப் போய் மலை ஆசிரியரிடம் ஒரு மாலை கேளுங்கள். இருவரும் ஒரே கதையில் இடம்பெற்றால் அது தமிழுக்கு வந்த நல்ல போர்க் கதையாக இருக்கும். அதை நம் வட்டத்தின் அடுத்த கூட்டங்களில் படித்துச் சண்டையிடுவோம். இம்முறை எவரும் எழுந்து வெளியேற வேண்டிய தேவை இராது.