விலைக்கு வரம்பு கட்டலாமா?



2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெங்களூரில் வாழ்ந்தவர்களுக்குத் தக்காளியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிலோ நூறு ரூபாயைக் கடந்து நின்ற நாட்கள் அவை. அலசூரிலும் சிவாஜி நகரிலும் நம்மவர் வீடுகளில் ரசம் புளியை மட்டுமே நம்பி இறங்கியது. அப்போது பேருந்திலும் அலுவலகத்திலும் ஒரே கேள்விதான் எழுந்தது: "நாற்பது ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாதென்று அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தால் என்ன?" அரசாங்க ஆணைகளைத் தமிழாக்குவதே என் தொழில். ஆணையை எழுதுவது எத்துணை எளிது என்பதை நான் அறிவேன். எழுதிய ஆணை சந்தைக்குச் சென்று என்ன பாடுபடுகிறது என்பதே நாம் இன்று காண வேண்டியது.

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார், ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. அங்கே பழம் 15 கிலோ பெட்டிக் கணக்கில் ஏலம் போகிறது. அந்த ஜூலையில் ஒரு பெட்டியின் விலை ரூ. 2,000-ஐயும் தாண்டிற்று. கோலார் வட்டாரத்தில் வெள்ளை ஈ பரப்பிய நோயால் செடிகள் நலிந்தன. வட மாநிலங்களில் பெய்த பெருமழையால் அங்கும் வரத்துக் குன்றியது. ஆக, பழம் உண்மையிலேயே குறைவு. யாரோ பதுக்கி வைத்ததால் வந்த பஞ்சமன்று அது. நெல்லைக் குதிரில் கொட்டி மூடி வைக்கலாம். பழுத்த தக்காளி சில நாட்களுக்கு மேல் யாருக்காகவும் காத்திராது. 1955ஆம் ஆண்டின் இன்றியமையாப் பொருள்கள் சட்டம் அரசாங்கத்தின் கையிலுள்ள வலிய ஆயுதந்தான். ஆனால் இருப்புக்கு வரம்பு விதிக்கும் அதிகாரம், இருப்பே வைக்க இயலாத பொருளிடத்தில் என்ன செய்யும்?

கர்நாடகம் மட்டும் நாற்பது ரூபாய் என்று வரம்பு கட்டியிருந்தால் கோலாரில் ஏற்றிய லாரிகள் பெங்களூரை விட்டுச் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் திரும்பியிருக்கும். நம் தெருக் கடையின் பலகையில் விலை இருந்திருக்கும். கூடையில் பழம் இருந்திராது. இது வெறும் ஊகமன்று. 1942இல் வங்காளத்தில் அரிசிக்கு உச்ச விலை விதித்தபோது, அரிசி சந்தையை விட்டே மறைந்தது. அடுத்த ஆண்டு அந்த மாகாணத்தில் நேர்ந்த பெரும் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. கையில் சரக்கில்லாமல் விலையை மட்டும் விதித்தவர்களின் ஆணை அதைத் தடுக்கவில்லை என்பது உறுதி. நம் சென்னை மாகாணமோ எதிர்த் திசையில் ஒரு துணிவைக் கண்டது. 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி, போர்க்காலந்தொட்டு நீடித்து வந்த அரிசிப் பங்கீட்டையும் கட்டுப்பாட்டையும் நீக்கினார். மைய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அவருக்குத் துணை நின்றார். விலை விண்ணை முட்டும் என்று அஞ்சியோர் பலர், அஞ்சியபடி நடக்கவில்லை.

அப்படியானால் வரம்பு என்பதே வீணா? அவ்வாறு சொல்லிவிட மாட்டேன். இதயக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு உச்ச விலை விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு ரூ. 29,600; பூசாததற்கு ரூ. 7,260. அதற்கு முன் முதல் வகையை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய குடும்பங்கள் உண்டு. அந்த விலையின் பெரும்பங்கு, செய்பவருக்கும் நோயாளிக்கும் நடுவே நின்றவர்களின் இலாபம். செய்வோர் சிலர், ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு, வரம்புக்குக் கீழேயும் ஆதாயம் எஞ்சியது. ஆகவே வரம்பு நின்றது. அப்போதும் சில நிறுவனங்கள் தம் உயர்ந்த வகைகளைத் திரும்பப் பெற முனைந்தன. ஆறு மாதம் தட்டுப்பாடின்றி வழங்கியாக வேண்டும் என்று அரசாங்கம் மற்றோர் ஆணையும் இட நேர்ந்தது. விலையை விதித்த கையே சரக்கையும் பிடித்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள்.

வரம்பு எவ்வாறு மானமிழக்கும் என்பதற்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை; பெங்களூரின் ஆட்டோவே போதும். 2013 இறுதியில் குறைந்த கட்டணம் 25 ரூபாய், அதன்மேல் கிலோமீட்டருக்கு 13 என்று விதித்தனர். அடுத்த திருத்தம் வந்தது 2021 டிசம்பரில். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் எரிபொருளும் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அசையாமல் நின்றனவா? ஓட்டுநர் மீட்டரைப் பார்க்க மறந்தார். நாமும் பேரம் பேசக் கற்றோம். 2025 ஆகஸ்டு முதல் நாள் முதற்கொண்டு முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36, பிறகு 18 என்றாயிற்று. ஆனால் எட்டாண்டுப் பழக்கம் ஓர் அறிவிப்பில் போகுமா? மீட்டர் போடச் சொன்னதற்காக மழையில் இறக்கிவிடப்பட்டவர்களுள் நானும் ஒருவன். இருந்தும், அவர் மீது மட்டும் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆணையின் துணையின்றியே நிற்கும் விலையும் இந்நகரில் உண்டு. விடியற்காலையில் வாயிலில் கிடக்கும் நந்தினிப் பால் பொட்டலம் அத்தகையது. கர்நாடகப் பால் கூட்டமைப்பு கிராமச் சங்கங்களில் பாலைக் கொள்முதல் செய்து, அதையே விற்கிறது. அதன் விலையைப் பார்த்தே பிறர் தம் விலையை வைக்க வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏற்றியபோது நாம் முணுமுணுத்தோம். ஆனால் பால் வராமல் போகவில்லை. 1959இல் திராட்சை வளர்ப்போர் கூட்டுறவாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ் கடைகளின் அன்றாட விலைப் பலகைக்கும், அளவில் சிறிதேனும், இந்த மதிப்பு உண்டு. 2023இல் தமிழ்நாட்டரசும் இதே வழியைத்தான் நாடியது. ஜூலை 4 முதல் சென்னையின் 82 நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. மைய அரசு கர்நாடகம் முதலிய மாநிலங்களில் வாங்கித் தில்லியில் ஜூலை 14 அன்று 90 ரூபாய்க்கு விற்கத் தொடங்கி, ஆகஸ்டு 20இல் நாற்பதுக்கு இறங்கியது. பற்றாக்குறை நேரத்தில் கோலார் ஏலத்தில் அரசும் ஒரு வாங்குநராகப் போய் நின்றது விலையைச் சற்று ஏற்றியிருக்குமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. எனினும் வெறும் கையோடு விலை சொல்லவில்லை.

"நியாய விலை" என்னும் தொடரை நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் அந்த நியாயம் வாங்குவோர் பக்கமே சாய்ந்து நிற்பதைக் காண்கிறேன். ஜூலையில் வரம்பு கேட்ட நாம், செப்டம்பரில் தோட்டத்து விலை கிலோவுக்குச் சில ரூபாயாக வீழ்ந்தபோது வாய் திறக்கவில்லை. மேலே ஒரு கோடு வேண்டுமானால் கீழேயும் ஒன்று வேண்டுமன்றோ?

அத்தகைய கீழ்க்கோடு ஒன்றை 2025 ஜூனில் கண்டோம். கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் பக்கம் கிளிமூக்கு மாங்காய் விலை சரிந்து உழவர்கள் தெருவுக்கு வந்தனர். இரண்டரை லட்சம் டன் வரையில், சந்தை விலைக்கும் குவிண்டாலுக்கு ரூ. 1,616 என்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஈடு செய்ய மைய அரசு இசைந்தது. கிலோவுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். தமிழ்நாட்டில் "பெங்களூரா" என்று நாம் அழைப்பதும் அந்த மாங்காயைத்தான். இங்கே தள்ளுவண்டியில் அதையே கீறி உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தருகிறார்களே, அந்த ஒரு காய்க்கு என்ன கொடுக்கிறோம் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.