வளர்ச்சி நின்ற ஆர்க்கிட்: காரணம் அறிந்து உதவுவோம்

(தோட்டக்கலை அலுவலர்களும் மாணவர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நான் தாவரவியல் பயின்றவன் அல்லன், பொருளாதாரம் பயின்றவன். எனினும் இத்தலைப்பில் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. சிக்கிமிலோ கேரளத்திலோ ஒரு சிறு விவசாயி கடன் பெற்று ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கினால், அவருடைய முதலின் பெரும்பகுதி செடியின் வடிவில்தான் இருக்கிறது. திசு வளர்ப்பு முறையில் உருவான சிம்பிடியம் கன்று பூப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். இடையில் செடியின் வளர்ச்சி நின்றுவிட்டால் வருவாயும் தள்ளிப் போகிறது. கடனுக்கான வட்டியோ நிற்பதில்லை.

நம் நாட்டில் ஏறத்தாழ 1,250 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை மரக்கிளைகளைப் பற்றி வாழும் தொற்றுச் செடிகள். மழையில் நனைவதும், உடனே காற்றில் உலர்வதும் அவற்றின் வேருக்கு இயல்பு. இந்த உண்மையை மறவாதிருந்தால் பல சிக்கல்களுக்கு விடை தானே கிடைக்கும்.

ஓய்வா, நலிவா?

வளர்ச்சி நின்ற செடி அனைத்தும் நோயுற்ற செடி அன்று. சிக்கிமின் மாநில மலரான டெண்ட்ரோபியம் நோபிலை எடுத்துக்கொள்வோம். கோடையிலும் மழைக்காலத்திலும் அதன் தண்டுகள் நீண்டு வளரும். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று, இலைகள் பல உதிரும். இது ஓய்வு. இக்காலத்தில் நீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தினால், பின்னர் அதே தண்டில் பூக்கள் தோன்றும். மாறாக, தழைச்சத்தும் நீரும் தொடர்ந்து கொடுத்தால், பூ வரவேண்டிய கணுக்களில் சிறு கன்றுகள் முளைக்கும். உறங்கும் குழந்தையை எழுப்பிச் சோறு ஊட்டுவது போன்ற செயல் அது.

ஓய்விலுள்ள செடியின் தண்டு பருத்து உறுதியாக இருக்கும். வளர வேண்டிய பருவத்தில் தண்டு சுருங்கி, புதுத் தளிர் பாதியிலேயே நின்றிருந்தால், அது நலிவின் அடையாளம்.

வேரில்தான் விடை

நலிவுற்ற செடியில் முதலில் பார்க்க வேண்டியது வேர். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். உலர்ந்தபோது வெண்மையாகவும், நனைந்தபோது பசுமையாகவும் தோன்றும். அழுகிய வேர் பழுப்பு நிறமாகி, அழுத்தினால் மேல் உறை கழன்று நரம்பு மட்டும் எஞ்சும்.

தொட்டியிலுள்ள மரப்பட்டையும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மட்கிப் பொடியாகின்றன. காற்று புகும் இடைவெளி அடைபட்டு, நீர் தேங்கி, வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. வேர் அழுகியதால் செடிக்கு நீர் எட்டுவதில்லை, இலை வாடுகிறது. வாடிய இலையைக் கண்டவர் மேலும் நீர் ஊற்றுகிறார். ஊற்றும் நீரே எஞ்சிய வேரையும் அழிக்கிறது.

இதற்குரிய முறை எளியது. செடியை வெளியே எடுத்து, பழைய கலவையை நீக்கி, அழுகிய வேர்களைத் தூய்மை செய்த கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டுவாய் உலர்ந்தபின், மரக்கரி, ஓட்டுச் சில்லு, மட்டைத் துண்டு கலந்த புதுக் கலவையில், அளவான தொட்டியில் நட வேண்டும். பெரிய தொட்டியில் ஈரம் நெடுநேரம் தங்கும். புது வேர் முனை தோன்றும்வரை நிழலும் காற்றின் ஈரப்பதமும் போதும், உரம் வேண்டா.

பிற காரணங்கள்

வேர் நலமாக இருந்தும் வளர்ச்சி இல்லையெனில் வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். இலை கரும்பச்சையாகித் துவண்டால் வெளிச்சம் குறைவு. மஞ்சளாகிக் கருகினால் மிகுதி. கலவையின் மேல் வெண்படலம் படிந்திருந்தால் உர உப்பு மிகுந்துள்ளது. உரத்தை நிறுத்தி, நல்ல நீரை நிறைய ஊற்றி வடியவிட வேண்டும். குளிர்ந்த மலைக்குரிய சிம்பிடியத்தை வெப்பமான சமவெளியில் வளர்த்தால் பூப்பது அரிது. அங்கு குறை செடியில் இல்லை, தேர்வில் இருக்கிறது.

இலையில் வெளிறிய திட்டுகளும் கோடுகளும் தோன்றிச் செடி நலிந்தால், சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்ற தொற்றாக இருக்கக்கூடும். இதற்கு மருந்து இல்லை. செடியைத் தனியே பிரித்துச் சோதிக்க வேண்டும்; தொற்று உறுதியானால் அழித்துவிட வேண்டும். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் தூய்மை செய்யாவிடில் தொற்று பரவும்.

நமது கடமை

வளர்ச்சி நின்றது என்று முறையீடு வந்தவுடன் உர மூட்டை அனுப்புவது நிர்வாகத்திற்கு எளிது. கணக்கிலும் அது செலவாகப் பதிவாகும். ஆனால் வேரற்ற செடிக்கு உரம் பயன் தராது. வழங்கிய கன்றுகளின் எண்ணிக்கை மட்டும் சாதனை ஆகாது. மூன்றாம் ஆண்டில் எத்தனை செடிகள் புதுத் தளிருடன் நிற்கின்றன என்பதே உண்மையான கணக்கு. கலவையை மாற்றும் செலவைத் தொடக்கத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்ப்பதும், கடன் தவணையைப் பூக்கும் காலத்தோடு பொருத்துவதும் நம்மால் இயலும்.

1996இல் சிக்கிமின் பாக்யோங்கில் நிறுவப்பட்ட தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் இத்துறையில் பணியாற்றி வருகிறது. அத்தகைய நிலையங்களின் அறிவு விவசாயியின் நிழற்குடிலுக்குள் செல்ல வேண்டுமானால், அதை எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் நீங்களே. அடுத்த முறை கள ஆய்வுக்குச் செல்லும்போது ஒரு தொட்டியையேனும் கவிழ்த்து வேரைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.