தன் பெயரில் ஒரு கணக்கு



மாலையிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து நான் ஈட்டிய முதற் சம்பளத்தை அண்ணரின் வங்கிக் கணக்கில் இட்டு வைத்தேன். வீட்டில் ஓர் அவசரம் நேர்ந்தபோது அவர் அதை எடுத்துச் செலவிட்டார். குற்றம் அவருடையதன்று, என் பெயரிற் கணக்குத் திறவாத என் சோம்பலே குற்றம். என் பரீட்சைக் கட்டணத்துக்காக அம்மாவின் காப்பு அடைவுக்குப் போயிற்று.

நண்பர்காள், கணக்குத் திறப்பது கடினமான காரியமன்று. தேசிய அடையாள அட்டை, வதிவிடத்தைக் காட்டும் மின்சாரப் பட்டியல் போன்ற ஒரு சான்று, முதல் வைப்பாக ஒரு சிறு தொகை இவற்றுடன் செல்லுங்கள். படிவத்தை வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். பின்னரும் வங்கியார் அக்கையொப்பத்தையே ஒப்புநோக்குவர். உங்களுக்குப் பின் பணம் யாரைச் சேர வேண்டுமென்பதையும் எழுதிக் கொடுங்கள். அட்டையின் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள்.

பட்டினம் தூரமென்போர்க்கும் வழியுண்டு. 1885இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1972இல் தேசிய சேமிப்பு வங்கியோடு இணைந்தது. அவ்வங்கிக் கணக்கை இன்றும் தபாற் கந்தோரிலே திறக்கலாம்.

பெரியோர்களே, உங்கள் பெண்பிள்ளைகளுக்கும் அவரவர் பெயரிலேயே கணக்குத் திறந்து கொடுங்கள். அம்மாவின் காப்பு அவர் கையிலேயே இருக்கட்டும்.