காத்திருக்கும் காது

(வானொலி மறையுரை – ஆண்டின் பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மாற்கு 7:31-37)



காது கேளாத, பேச்சு திக்கிய ஒருவரை இன்றைய நற்செய்தியில் சிலர் இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். அவருக்காக வேண்டுகிறவர்களும் அவர்களே. ஆண்டவரோ அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். காதுகளில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், அண்ணாந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். எல்லாமே கண்ணால் காணக்கூடியவை, உடலால் உணரக்கூடியவை. காது கேளாதவருக்குப் புரிகிற மொழியிலேயே இயேசு முதலில் பேசுகிறார். அதன் பிறகுதான் 'எப்பத்தா' என்ற சொல் அவர் வாயிலிருந்து வருகிறது.

இந்த வரிசையை நன்கு அறிந்தவர்கள் பேச்சுப் பயிற்சி அளிக்கும் 'ஸ்பீச் தெரபிஸ்ட்'கள். நாவுக்கும் உதட்டுக்கும் பயிற்சி கொடுப்பதுதான் அவர்கள் வேலை என்று நாம் நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் செய்வது ஒன்று இருக்கிறது.

பக்கவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கும்போது பலருக்கு மொழி குலைந்துபோகிறது. மருத்துவர்கள் இதை 'அஃபேசியா' என்பார்கள். மனதில் நினைத்தது நாவுக்கு வராது. தண்ணீர் கேட்க நினைத்தவர் வாயில் வேறொரு சொல் வந்து நிற்கும். சிலருக்குப் பிறர் சொல்வதும் முழுமையாகப் பிடிபடாது. ஆனால் பேச்சு போனதால் அறிவு போய்விட்டது என்று ஆகிவிடாது.

1861இல் பாரிஸ் நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைச் சந்தித்தார். எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்பதே அவருடைய பதில். அதனால் மருத்துவமனையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வலது கை, கால் செயலிழந்திருந்தன. "எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று புரோக்கா கேட்டார். அவர் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று! கணக்கு சரியாக இருந்தது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது, தம்மைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு கோபப்பட்டார். ஒரே ஓர் ஒலிக்குப் பின்னால் கணக்கும் நினைவும் தன்மானமும் உள்ள ஒரு மனிதர் இருந்தார்.

நல்ல பேச்சுப் பயிற்சியாளர் இதை நம்பித்தான் தொடங்குகிறார். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நோயாளியின் முகத்துக்கு நேராக உட்காருகிறார். "இவருக்கு என்ன வேண்டுமாம்?" என்று மனைவியிடமோ மகனிடமோ கேட்பதில்லை, அவரிடமே கேட்கிறார். குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவதில்லை. ஆம், இல்லை என்று தலையசைக்கத்தக்க கேள்விகளாகக் கேட்கிறார். சொல்லை எழுதிக் காட்டுகிறார், படம் வரைகிறார், பென்சிலை அவர் கையிலும் கொடுக்கிறார். பிறகு காத்திருக்கிறார். புரியாதபோது புரிந்ததுபோலத் தலையாட்டுவதில்லை. "எனக்குப் புரியவில்லை, வேறு வழியில் முயன்று பார்ப்போம்" என்கிறார். சொல்ல வேண்டியது உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்: இதைத்தான் அவர் தம் செயல்கள் எல்லாவற்றாலும் உணர்த்துகிறார். அந்த நம்பிக்கை கிடைத்த பிறகுதான் நோயாளி தவறான சொல்லையும் துணிந்து சொல்லிப் பார்க்கிறார்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பக்கவாதத்தில் படுத்த அப்பாவுக்கு நேரத்துக்குச் சோறும் மருந்தும் கொடுக்கிறோம். ஆனால் அவர் ஒரு சொல்லைத் தேடித் தவிக்கும்போது, "சரி சரி, பேசாமல் படுங்கள்" என்கிறோம். நிலம் விற்பதையும் பேத்தியின் திருமணத்தையும் அவர் கட்டிலருகே நின்றே பேசி முடிக்கிறோம், அவரைக் கேட்பதில்லை. அன்பியக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தாலும் அவர் உள்ளறையிலேயே இருக்கிறார். நோய் அவருடைய பேச்சைத்தான் பறித்தது. குடும்பத்தில் அவருக்கிருந்த இடத்தைப் பறித்தது யார்?

செக்கரியாவை நினைத்துப் பாருங்கள். பேச்சற்றிருந்த அவரிடம், குழந்தைக்கு என்ன பெயரிடலாம் என்று உறவினர்கள் சைகையால் கேட்டார்கள். எழுத ஒரு பலகை கிடைத்தது. தந்தையின் முடிவு வெளிவந்தது. கேட்பதற்கு ஆள் இருந்ததால் பேச முடியாதவரும் பேசினார்.

இன்னொன்றும் சொல்லலாம். தாமாக ஒரு வாக்கியம் அமைக்க இயலாத சிலர், நெடுங்காலம் சொல்லிப் பழகிய செபத்தையோ பாடலையோ மற்றவர்களோடு சேர்ந்து சொல்லிவிடுவதுண்டு. எல்லாருக்கும் இது வாய்ப்பதில்லை. ஆனாலும் அவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து செபமாலை சொல்லிப் பாருங்கள். பேச முடியாதவர்கள் சைகையாலும் ஒப்புரவு அருளடையாளம் பெறலாம். பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், நற்கருணையும் வீடு தேடி வரும்.

திருமுழுக்கின் எப்பத்தா சடங்கில் குழந்தையின் காதுகளையும் வாயையும் குருவானவர் தொடுகிறார். காது முதலில், வாய் பிறகு. நம் காதுகளும் அன்று தொடப்பட்டவையே. இந்த வாரம் நமக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஒருவரைப் போய்ப் பார்ப்போம். கைப்பேசியை அணைத்துவிட்டு அருகில் உட்காருவோம். ஒரே ஒரு கேள்வி கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம்.

ஆண்டவரே, பேச்சிழந்தோரின் நாவைத் தொடும் முன், அவர்களுக்காகக் காத்திருக்க எங்கள் காதுகளைத் திறந்தருளும். ஆமென்.