‘ஓ.கே.’ வந்த வழி



போன கூட்டம் முடிந்ததும் இரண்டு வாலிபர்கள் ‘ஓ.கே.’ என்கிற வார்த்தையைப் பற்றி வாசலில் நின்று சண்டை பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அது கிரேக்க பாஷை என்றார். மற்றவர் அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாஷை என்றார். ருஜு என்னவென்று கேட்டேன். “யாரோ சொன்னார்கள்” என்றார்கள் இருவரும். புராணங்கள் பிறந்ததும் இப்படித்தான். ஆதலால் இன்று அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் அர்த்தத்தைப் பாருங்கள். கடைக்காரர் “இந்த விலைக்கு ஓ.கே.யா?” என்றால் சம்மதம் கேட்கிறார். காய்ச்சலில் கிடந்தவர் “இப்போது ஓ.கே.” என்றால் குணமாகிவிட்டது. மேலதிகாரி ஓ.கே. செய்துவிட்டார் என்றால் உத்தரவு வந்துவிட்டது. சினிமா பார்த்துவிட்டு வந்தவர் “ஓ...கே...” என்று இழுத்தால் காசு தண்டம் என்று அர்த்தம். பேசிக்கொண்டிருந்த பெரியமனிதர் “ஓ.கே.” என்று எழுந்தால் நாம் வெளியே போகலாம் என்று அர்த்தம். (சிரிப்பு)

இனி பிறப்பு. அச்சில் கிடைத்திருக்கும் மிகப் பழைய ருஜு 1839-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகையில் இருக்கிறது. ‘எல்லாம் சரி’ என்பதற்கு இங்கிலீஷில் ‘ஆல் கரெக்ட்’. அதன் முதலெழுத்துக்கள் ஏ, சீ. எழுத்துத் தெரியாதவன் காதில் விழுந்தபடி எழுதினால் ஓ, கே என்று வரும். ‘ஆல் ரைட்’ என்பதையும் இதே மாதிரி ஓ.டபிள்யூ. என்று எழுதினார்கள். அந்தக் காலத்துப் படித்த நாகரிகக் கூட்டத்துக்கு இதெல்லாம் ஒரு தமாஷ். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? பள்ளிக்கூடம் போகாதவனைப் பார்த்து.

இந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்புதான். நான் மூன்றாவது வகுப்போடு நின்றவன். வாலிபத்தில் எங்கள் தெருக் கிணற்றைத் தூர்வாரச் சொல்லி ஓர் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். ‘கிணறு’ என்பதற்கு இடையின ரகரம் போட்டுவிட்டேன். அங்கிருந்த குமாஸ்தா அதை மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நிற்க.

அந்தத் தமாஷ் வார்த்தைகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. ஓ.கே. மட்டும் பிழைத்ததற்குக் காரணம் 1840-ம் வருஷத்துத் தேர்தல். குடியரசுத் தலைவராயிருந்த மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் நின்றார். அவர் பிறந்த ஊர் கிண்டர்ஹூக். ‘கிண்டர்ஹூக் கிழவர்’ என்பதன் இங்கிலீஷ் முதலெழுத்துக்களும் ஓ, கே தான். அவருடைய ஆட்கள் நியூயார்க்கில் ஓ.கே. கிளப் என்றே ஒன்று வைத்து ஓட்டுக் கேட்டார்கள். எதிர்ப்பத்திரிகைகள் சும்மா இருக்குமா? அவருக்கு முந்தின தலைவரான ஆண்ட்ரூ ஜாக்சன் எழுத்துத் தெரியாமல் தஸ்தாவேஜுகளில் ஓ.கே. என்று கிறுக்கினார் என்று கட்டிவிட்டன. அது புரட்டு. ஆனாலும் வெகுகாலம் ஜனங்கள் அதை நம்பினார்கள். தேர்தலில் வான் பியூரன் தோற்றார், வார்த்தை ஜெயித்தது.

1963, 1964 வருஷங்களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி இவ்வளவையும் வெளிப்படுத்தினார். அதற்குள் வந்த கதைகள் கொஞ்சமல்ல. 1861-ல் தொடங்கிய உள்நாட்டு யுத்தத்தில் சிப்பாய்களுக்குக் கொடுத்த பிஸ்கோத்தின் கம்பெனி முத்திரை என்பது ஒன்று. பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதானபின் தாய்க்குப் பிரசவ வலி கண்டதாம்! சாக்டா என்ற பூர்வகுடிகளின் ‘ஓகே’ என்பது ஒன்று. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இதை நம்பி அந்த எழுத்துப்படியே எழுதிவந்தார். பெரிய பதவியிலிருப்பவர் நம்பினார் என்பது ருஜுவாகிவிடுமா? ‘எல்லாம் நன்று’ என்ற கிரேக்கச் சொற்கள் என்பது இன்னொன்று. ஒலி ஒத்திருந்தால் போதுமென்றால் எந்த வார்த்தையையும் எந்தப் பாஷையிலும் பிறப்பித்துவிடலாம். நம்மூர்ப் பண்டிதர்களுக்கு இது தினசரி வேலை.

கடைசியாக ஒன்று. டேவிட் டால்பி என்ற மொழியறிஞர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மக்கள் பேசிய வோலோஃப் பாஷையில் ‘ஆம்’ என்று சொல்லும் ‘வாவ் கே’ என்பதிலிருந்து இது வந்திருக்கலாம் என்றார். தோழர்களே, உண்மையைச் சொல்லுகிறேன். இதைப் படித்தபோது இதுவே உண்மையாயிருக்க வேண்டுமென்று என் மனம் ஆசைப்பட்டது. சங்கிலி போட்டு இழுத்துவரப்பட்டவன் வாயிலிருந்து வந்த வார்த்தையை உலகமே சொல்லுகிறதென்றால் யாருக்குத்தான் சந்தோஷமிராது? அப்படிப்பட்ட பேச்சு அங்கே வழங்கியிருக்கலாம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதையும் பாஸ்டன் பத்திரிகையையும் இணைத்துக்காட்டும் எழுத்து எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. வாசலில் அந்த வாலிபர்களிடம் கேட்ட அதே ருஜுவை எனக்குப் பிடித்த கதையிடமும் கேட்கத்தானே வேண்டும்?

ஆதலால் இன்றைக்கு 1839 என்றே சொல்லுகிறேன். நாளை ஒருவர் அதற்கு முந்தின காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், இதே இடத்தில் நின்று மாற்றிச் சொல்லுவேன்.